15 வருஷம் கழித்து ராணுவத் தீர்ப்பாயத்துக்குப் போகலாமா?

வாசகர் கேள்வி – பிப்ரவரி 11, 2024

ஐயா, எங்கப்பா 24 வருஷம் ராணுவத்தில் இருந்துவிட்டு 2009இல் ஹவில்தாராக வெளியே வந்தார். வரும்போது ரத்த அழுத்தம், 30 சதவீத ஊனம் என்று மெடிக்கல் போர்டு எழுதியது. டிஸெபிலிட்டி பென்ஷன் (ஊன ஓய்வூதியம்) மட்டும் கிடையாது என்று கடிதம் வந்தது. அப்பா அதை பீரோவில் வைத்ததோடு சரி, அப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. தீர்ப்பாயத்தில் கேஸ் போடலாம் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். எங்கள் தெருவில் இருக்கும் சுபேதார் மாமா, “ராணுவக் கோர்ட்டில் ராணுவக்காரனே ஜட்ஜ். அதுவும் 15 வருஷம் கழித்துப் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவான். காசைக் கரியாக்காதே” என்கிறார். யார் சொல்வது சரி?

பிப்ரவரி 11, இரவு

தம்பி, உங்கள் மாமா இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறார். கோர்ட் மார்ஷல் வேறு, ஆயுதப் படைகள் தீர்ப்பாயம் வேறு. கோர்ட் மார்ஷல் என்பது ராணுவம் தன் ஆளை விசாரித்துத் தண்டிக்கிற இடம். தீர்ப்பாயம் என்பது ராணுவத்தின் மேல் ராணுவக்காரன் வழக்குப் போடுகிற இடம். சம்பளம், பதவி உயர்வு, பென்ஷன், வேலையை விட்டு அனுப்பியது எல்லாம் அங்கே போகும். கோர்ட் மார்ஷல் தீர்ப்பின் மேல் அப்பீலும் அங்கேதான்.

2007இல் போட்ட சட்டம். தீர்ப்பாயம் டெல்லியில் தொடங்கியது 2009 ஆகஸ்ட் 8. உங்கப்பா வெளியே வந்த அதே வருஷம். அதனால்தான் அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதற்கு முன்னால் சிப்பாய்க்கு ஹைகோர்ட்டை விட்டால் வேறு வழி கிடையாது. கோர்ட் மார்ஷல் தீர்ப்பை எதிர்த்து ஒரே ஒரு அப்பீலுக்குக்கூட இடமில்லையே என்று சுப்ரீம் கோர்ட் 1982இலேயே பிரித்தி பால் சிங் பேடி வழக்கில் வருத்தப்பட்டு எழுதியது. அதன் பிறகு தீர்ப்பாயம் வர 27 வருஷம் ஆயிற்று.

பெஞ்சில் இரண்டு பேர் உட்காருவார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற ஹைகோர்ட் நீதிபதி. இன்னொருவர் ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் அந்தஸ்து அல்லது அதற்கு மேல், முப்படையில் எதுவாகவும் இருக்கலாம். ஆக, மாமா சொன்னதில் பாதி உண்மை. இருவருக்கும் கருத்து ஒத்துப்போகவில்லை என்றால் தலைவருக்கு அனுப்பி மூன்றாவது ஆளைக் கேட்பார்கள்.

15 வருஷம் தாமதம் பற்றி. பென்ஷன் என்பது மாசாமாசம் வர வேண்டியது. ஒவ்வொரு மாதமும் வராமல் போவது ஒவ்வொரு மாதமும் நடக்கிற தவறு. தர்சேம் சிங் வழக்கில் (2008) சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அவர் 1983இல் வெளியே அனுப்பப்பட்டவர், கோர்ட்டுக்குப் போனது 1999இல். பென்ஷன் கிடைத்தது. ஆனால் அரியர் (பழைய பாக்கி), வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய 3 வருஷத்துக்கு மட்டும். அதற்கு முன்னால் உள்ளது போனது போனதுதான். ஆகவே நீங்கள் தாமதிக்கிற ஒவ்வொரு மாதமும் ஒரு மாதப் பணம் கையை விட்டுப் போகிறது.

நேரே வக்கீலைப் பார்த்து மனு போட்டுவிடுங்கள். தீர்ப்பாயத்துக்கு மேல் சுப்ரீம் கோர்ட் மட்டும்தான், நடுவில் ஹைகோர்ட் கிடையாது.

பிப்ரவரி 12

நேற்று எழுதியதில் கடைசிப் பத்தியில் இரண்டு தப்பு. ஹைகோர்ட் பற்றியதை அப்புறம் எழுதுகிறேன். முதலில் “நேரே போடுங்கள்” என்றதைத் திருத்த வேண்டும். நான் என் கேஸை நினைத்துக்கொண்டு எழுதிவிட்டேன். நான் 2008இலேயே துறைக்கு முதல் மேல்முறையீடு அனுப்பியவன். உங்கப்பா எதுவுமே அனுப்பவில்லை என்கிறீர்கள். சட்டத்தின் 21ஆம் பிரிவு, துறைக்குள் இருக்கிற வழிகளை முதலில் பார்த்துவிட்டு வா என்கிறது. மேல்முறையீடு அனுப்பி 6 மாதம் பதில் வராவிட்டால் அந்த வழியைப் பார்த்ததாகவே கணக்கு. பதில் வராது என்று தெரிந்தாலும் அனுப்ப வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ரசீதை அந்தக் கடிதத்தோடு பின் அடித்து வையுங்கள்.

பிப்ரவரி 12, சாயங்காலம்

என் கேஸ் என்ன என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். சொல்கிறேன்.

1983இல் டிரைவராகச் சேர்ந்தேன். சேரும்போது எந்த நோயும் இல்லை, ஷேப் ஒன், அதாவது முழு உடல் தகுதி. 24 வருஷத்தில் பாதிக்கு மேல் த்ரீ டன் வண்டிதான். லே, கார்கில் பக்கம் கான்வாயில், அதாவது வரிசையாகப் போகிற ராணுவ வண்டிகளில், போனதை எண்ணி முடியாது. கோடைக்குள் மலைமேல் சாமான் சேர்க்க வேண்டும், பனி விழுந்தால் ரோடு மூடிவிடும். விடிகாலை 3 மணிக்கு வண்டியை எடுத்தால் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவோம். அங்கிருந்து சமவெளிக்கு மாற்றி ஏழாவது மாதம், வருடாந்திரப் பரிசோதனையில் பி.பி. கூடுதல் என்று கண்டுபிடித்தார்கள். அது 2003.

2007இல் வெளியே வந்தபோது மெடிக்கல் போர்டு 30 சதவீதம், வாழ்நாள் முழுக்க என்று எழுதிவிட்டு, பணியால் வந்ததல்ல, பணியால் கூடியதும் அல்ல என்றது. ராணுவத்தில் இதற்கு என்.ஏ.என்.ஏ. என்று பெயர். அந்த நான்கு எழுத்தை எழுதிவிட்டால் 30 சதவீதமும் பூஜ்யம்தான். ரெக்கார்ட்ஸில் (ராணுவ ஆவண அலுவலகம்) இருந்து வந்த கடிதம் நாலே வரி. அதில் “கான்ஸ்டிட்யூஷனல் டிஸார்டர்” என்று இருந்தது. யாரும் விளக்கவில்லை. உடம்புவாகினால் வருகிற கோளாறு, அதாவது பிறவியிலேயே உன்னிடம் இருந்தது என்று அர்த்தமாம். 20 வயதில் என்னைத் தேர்வு செய்தபோது அதே ராணுவத்தின் டாக்டர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்து நல்லா இருக்கிறான் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். 24 வருஷம் கழித்து, இல்லை, நீ வரும்போதே இப்படித்தான் என்கிறார்கள்.

இந்த வாதத்துக்கு நான் சொந்தக்காரன் இல்லை. தரம்வீர் சிங் வழக்கில் 2013 ஜூலை 2 அன்று சுப்ரீம் கோர்ட் சொன்னது இதைத்தான். அவர் சிக்னல்ஸ் சிப்பாய். 1985இல் சேர்ந்தார், வலிப்பு நோய் என்று 1994இல் அனுப்பிவிட்டார்கள். சேரும்போது நோய் இருந்ததாகக் குறிப்பு இல்லை என்றால் அவன் நல்ல உடம்போடு வந்தான் என்றே கொள்ள வேண்டும். பிறகு வந்த நோய் பணியால் வந்ததல்ல என்று நிரூபிக்க வேண்டியது ராணுவம், சிப்பாய் அல்ல. சந்தேகம் இருந்தால் அதன் பலன் சிப்பாய்க்கு. பணியால் வந்ததல்ல என்று மெடிக்கல் போர்டு சொன்னால், ஏன் என்று காரணம் எழுத வேண்டும்.

இந்தத் தீர்ப்பு வந்த சேதி எனக்கு ஒரு வருஷம் கழித்து, ஒரு கல்யாண வீட்டில் கிடைத்தது. 2014இல் போட்டேன், 2015இல் ஆர்டர் கிடைத்தது.

பிப்ரவரி 14

எல்லைப் பாதுகாப்புப் படையில் (பி.எஸ்.எஃப்.) இருந்த ஒருவர் தன் கேஸையும் எழுதியிருக்கிறார். அண்ணே, உங்களுக்கு இந்தத் தீர்ப்பாயம் இல்லை. பி.எஸ்.எஃப்., சி.ஆர்.பி.எஃப்., கடலோரக் காவல்படை எதுவும் இதில் வராது. தரைப்படை, கடற்படை, விமானப்படைச் சட்டங்களுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும்தான். நீங்கள் ஹைகோர்ட்தான் போக வேண்டும்.

பணியிட மாறுதல், லீவு இரண்டும்கூட தீர்ப்பாயத்தில் எடுக்க மாட்டார்கள். சட்டத்திலேயே விலக்கி வைத்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 19

தம்பி, மெடிக்கல் போர்டு பேப்பர் அப்பாவிடம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். யாரிடமும் இருக்காது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ரெக்கார்ட்ஸுக்கு மனு போடுங்கள். அப்பா பெயரில், அப்பா கையெழுத்தில், படை எண்ணோடு. ரிலீஸ் மெடிக்கல் போர்டு நடவடிக்கைகளின் முழு நகல் வேண்டும் என்று எழுதுங்கள். “முழு” என்ற வார்த்தை முக்கியம். எனக்கு முதல் தடவை கடைசிப் பக்கம் மட்டும் வந்தது, மறுபடியும் எழுத வேண்டியதாயிற்று.

அந்தப் படிவத்துக்கு ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப். 16 என்று பெயர். முதல் பக்கத்தில் நாம் எங்கெங்கே வேலை செய்தோம் என்று நாமே எழுதிக் கொடுத்த அட்டவணை இருக்கும். ஒவ்வொரு இடத்துக்கும் நேராக பி அல்லது எஃப். பி என்றால் பீஸ், அமைதியான இடம். எஃப் என்றால் ஃபீல்ட், களப் பகுதி. அவசரத்தில் எழுதச் சொல்வார்கள், நாமும் அவசரத்தில் எழுதுவோம். வீட்டுக்குப் போகிற நாள் அல்லவா, எப்போது கையில் சாமான் வரும் என்றுதான் இருக்கும். என்னுடையதில் எஃப், பி, எஃப், எஃப், பி என்று என் கையெழுத்திலேயே இருந்தது.

உள்ளே போனால் போர்டின் கருத்து. பணியால் வந்ததா? நோ. பணியால் கூடியதா? நோ. பணிக்குச் சம்பந்தமில்லாததா? யெஸ். பக்கத்தில் காரணம் எழுத ஒரு கட்டம். என் பேப்பரில் அந்தக் கட்டத்தில் இருந்தது “ஆன்செட் இன் பீஸ்” என்ற மூன்றே சொல். அமைதியான இடத்தில் தொடங்கியது என்று. கண்டுபிடித்த இடம்தான் தொடங்கிய இடம் என்று அவர்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள். கான்வாயிலா பி.பி. பார்த்தார்கள்? பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும்.

என் கேஸ் முழுக்க அந்தக் கட்டத்தில்தான் நின்றது. முதல் பக்கத்து எஃப், எஃப். உள்ளே மூன்று சொல். வக்கீல் ரெண்டு பக்கத்தையும் அடுத்தடுத்து வைத்து மனுவில் சேர்த்தார். அதனால் தீர்ப்புகளைத் தேடி அலையாதீர்கள். பேப்பரை வாங்குங்கள்.

பிப்ரவரி 20

பணம் எவ்வளவு வரும் என்று கேட்கிறார்கள். 2006க்குப் பிறகு வெளியே வந்தவர்களுக்கு, நூறு சதவீதம் என்றால் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். கடைசிச் சம்பளம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நூறுக்கு 3,000. 30 சதவீத ஊனத்துக்கு 900.

அங்கே நிற்காது. 50க்குக் கீழே இருந்தால் 50 ஆகவும், 50 முதல் 75 வரை 75 ஆகவும், 76 முதல் 100 வரை 100 ஆகவும் உயர்த்திக் கணக்கிட வேண்டும். அப்படியானால் 1,500. வேலையை முடிக்க விடாமல் நோயால் பாதியில் அனுப்பியவர்களுக்கு மட்டும்தான் இது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ராம் அவ்தார் வழக்கில் 2014 டிசம்பர் 10 அன்று, முழுக் காலமும் முடித்து வந்தவர்களுக்கும் உண்டு என்று சுப்ரீம் கோர்ட் முடித்துவைத்தது. மனுவில் இரண்டையும் கேளுங்கள். உயர்த்திக் கணக்கிடுவதைக் கேட்க மறந்து, அதற்கென்று தனியாக இன்னொரு வழக்குப் போட்டவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

மார்ச் 2

மாமா சொன்ன “ராணுவக்காரனே ஜட்ஜ்” மனதிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. என் விசாரணை நாளைப் பற்றி எழுதாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

காலை 10 மணிக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். சுற்றிலும் என் வயசுக்காரர்கள், எல்லார் மடியிலும் பிளாஸ்டிக் கவரில் டிஸ்சார்ஜ் புக். இரண்டு மூன்று விதவைகள், மகனோடு வந்திருந்தார்கள். என் கேஸ் கூப்பிட்டபோது எழுந்து பின்னால் நின்றேன். அரசு வக்கீல், “ஆன்செட் இன் பீஸ்” என்று படித்தார். அப்போது அந்த ஓய்வுபெற்ற ஜெனரல் பேப்பரைப் புரட்டி, அதற்கு முந்தைய போஸ்டிங் எது என்றார். வக்கீல் சொன்னார். கான்வாயா என்று நேரே என்னைப் பார்த்துக் கேட்டார். கை தானாக உடம்போடு ஒட்டிக்கொண்டது, “ஜி சாப்” என்றேன். எத்தனை சீசன் என்றார். நாலு என்றேன். பக்கத்தில் இருந்த நீதிபதியிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். மொத்தம் 7 நிமிஷம் இருக்கும்.

நீதிபதிக்கு அந்தப் படிவத்தில் எஃப் என்பது ஓர் எழுத்து. அந்த ஜெனரலுக்கு அது எந்த ரோடு என்று தெரியும். அதிகாரி வர்க்கம் அதிகாரி பக்கம்தான் நிற்கும் என்று நானும் நினைத்துக்கொண்டுதான் போனேன். அன்றைக்கு அப்படி இல்லை.

மார்ச் 3

நேற்று எழுதியது ஒரு பக்கம் மட்டும். என்னோடு வேலை பார்த்த ஒருவர் லீவு முடிந்து திரும்பாமல் நாள் கடந்து போனவர். பென்ஷனுக்கு முன்னால் வேலை போயிற்று. அம்மா படுக்கையில் இருந்தார், பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது. அவர் கேஸில் ஜெனரல் கேட்டதெல்லாம் யூனிட்டுக்கு ஏன் தந்தி கொடுக்கவில்லை, ஏன் போன் பண்ணவில்லை என்பதுதான். கேஸ் தள்ளுபடி. ஒழுங்கு என்று வந்துவிட்டால் அந்த நாற்காலியில் இருப்பவருக்குள் இன்னமும் ஒரு கமாண்டிங் ஆபீசர் இருக்கிறார். மலையும் பனியும் அவருக்குப் புரிவதுபோல், கட்டிலில் கிடக்கிற தாய் புரிவதில்லை என்று அந்த நண்பர் சொன்னார். எல்லாரும் அப்படி என்று சொல்ல மாட்டேன். மெடிக்கல் கேஸுக்கும் ஒழுங்கு நடவடிக்கை கேஸுக்கும் காற்று வேறு மாதிரி வீசும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

மார்ச் 9

பணியில் இருக்கும் தம்பி ஒருவர் பெயர் போடாமல் கேட்டிருக்கிறார். சம்மரி கோர்ட் மார்ஷலில் டிஸ்மிஸ் ஆன அண்ணனுக்கு என்ன வழி?

கோர்ட் மார்ஷல் நாலு வகை. அதில் சம்மரி என்பது கமாண்டிங் ஆபீசர் தனியாக உட்கார்ந்து நடத்துவது. வக்கீல் கிடையாது, குற்றம் சாட்டப்பட்டவனின் நண்பர் என்று ஒருவரை உட்கார வைப்பார்கள். பல சமயம் அரைநாளில் முடிந்துவிடும். டிஸ்மிஸ், அல்லது 3 மாதத்துக்கு மேல் சிறை என்று தண்டனை இருந்தால்தான் தீர்ப்பாயத்துக்குக் கொண்டுபோகலாம். அதற்குக் குறைந்த தண்டனைக்கு அங்கே கதவு இல்லை. உங்கள் அண்ணனுடையது டிஸ்மிஸ் என்பதால் போகலாம்.

நடவடிக்கைத் தாளின் நகலை முதலில் வாங்குங்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். அந்த இடத்தில் அவர் கையெழுத்து இருக்கிறதா பாருங்கள். ஒப்புக்கொண்டான் என்று ஆபீசர் எழுதி, ஒப்புக்கொண்டவன் கையெழுத்தே இல்லாமல் தண்டனை ரத்தான வழக்குகள் பல உண்டு. ஒப்புக்கொண்டால் என்னவாகும் என்று அவருக்கு விளக்கினார்களா என்பதும் அந்தத் தாளிலேயே இருக்க வேண்டும்.

தீர்ப்பாயத்தின் கை இங்கே நீளம். அப்பீலில் தண்டனையை ரத்து செய்யலாம், குறைக்கலாம், வேறு சிறிய குற்றமாக மாற்றலாம், மறுவிசாரணைக்கு அனுப்பலாம், ஜாமீனும் கொடுக்கலாம். ஹைகோர்ட் ரிட்டில் சாட்சியை மறுபடி எடைபோட மாட்டார்கள். இங்கே போடுவார்கள். 1982இல் சுப்ரீம் கோர்ட் இல்லையே என்று வருந்தியது இதற்குத்தான்.

மார்ச் 10

ரெட் இங்க், அதாவது தண்டனை பெற்றதைச் சிவப்பு மையில் எழுதுகிற பதிவு பற்றியும் கேட்டிருக்கிறார்கள். நாலு சிவப்பு மை என்ட்ரி விழுந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று யூனிட்டில் எல்லாரும் நம்புவார்கள். ஹெட் கிளார்க்கும் அப்படித்தான் சொல்வார். வீரேந்திர குமார் துபே வழக்கில் (2015) சுப்ரீம் கோர்ட் அப்படி இல்லை என்றது. நாலு என்ட்ரி இருப்பது மட்டும் போதாது. முதலில் ஒரு விசாரணை நடத்தி, அவன் எத்தனை வருஷம் வேலை செய்தான், கஷ்டமான இடங்களில் இருந்தானா, பென்ஷனுக்கு எவ்வளவு பாக்கி என்று எல்லாம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பென்ஷனுக்கு 15 வருஷம் வேண்டும். 13, 14 வருஷத்தில் அனுப்பப்பட்டவனுக்கு இந்தத் தீர்ப்பு சோறு.

மார்ச் 23

பிப்ரவரி 11இல் எழுதியதில் இரண்டாவது தப்பு. ஹைகோர்ட் கிடையாது என்றேன். என் கேஸ் நடந்த 2015இல் அதுதான் நிலைமை. மேஜர் ஜெனரல் ஸ்ரீகாந்த் சர்மா வழக்கில், தீர்ப்பாயத்தின் ஆர்டர் மேல் ஹைகோர்ட் ரிட் எடுக்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் சொல்லியிருந்தது. சுப்ரீம் கோர்ட்டுக்கும் சுலபமாகப் போக முடியாது. பொது முக்கியத்துவமுள்ள சட்டக் கேள்வி இருக்க வேண்டும். ஒரு சிப்பாயின் பென்ஷனில் பொது முக்கியத்துவம் எங்கே இருக்கும்? அவன் வீட்டில் இருக்கும். அப்படியே இருந்தாலும், டெல்லிக்குப் போய் வக்கீல் வைக்க அவனால் முடியுமா? அந்த 8 வருஷத்தில் தீர்ப்பாயத்தில் தோற்ற சாதாரண சிப்பாய்க்கு அத்தோடு முடிந்தது.

பரஷோத்தம் தாஸ் வழக்கில் 2023 மார்ச் 21 அன்று அது மாறிவிட்டது. அரசியல் சட்டத்தின் 226ஆம் பிரிவில் ஹைகோர்ட்டுக்கு உள்ள அதிகாரத்தை அப்படிப் பறிக்க முடியாது என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. சுட்டிக்காட்டிய வக்கீல் தங்கைக்கு நன்றி. 2015 முதல் 2023 வரை தோற்றுவிட்டு விட்டுவிட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் ஆர்டரை எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலைப் பாருங்கள். தாமதத்துக்குக் காரணம் சொல்ல வேண்டிவரும், நடக்குமா என்பது கேஸைப் பொறுத்தது. ஆனால் கேட்காமல் இருக்காதீர்கள்.

அதே சமயம் இந்தக் கதவு அரசுக்கும் திறந்திருக்கிறது. சிப்பாய் ஜெயித்த கேஸை அரசு ஹைகோர்ட்டுக்குக் கொண்டுபோகலாம். இதையும் மனதில் வைக்க வேண்டும்.

ஏப்ரல் 6

ஜெயித்த பிறகு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. நானே சொல்கிறேன், இதுதான் எனக்கு இன்னும் ஆறாத இடம்.

2015இல் ஆர்டர். 3 மாதத்துக்குள் கொடு, தவறினால் 8 சதவீத வட்டி என்று இருந்தது. 3 மாதம் போயிற்று, 6 மாதம் போயிற்று. ரெக்கார்ட்ஸுக்குப் போன் பண்ணினால் மேலே கேட்டிருக்கிறோம் என்பார்கள். மேலே என்றால் யார் என்று சொல்ல மாட்டார்கள். ஆர்டரை நிறைவேற்றச் சொல்லி மறுபடியும் மனு. அதற்கு வாய்தா. நடுவில் பெஞ்சில் உறுப்பினர் இல்லாமல் சில மாதம் விசாரணையே நடக்கவில்லை. பி.பி.ஓ. (பென்ஷன் வழங்கும் உத்தரவு) என் கைக்கு வந்தது 2017இல். இந்த இரண்டு வருஷத்தில் என் மனைவி தினமும் தபால்காரரைப் பார்த்து வாசலில் நின்றிருக்கிறாள்.

ஆர்டரை மதிக்காத ஆபீசைத் தண்டிக்கிற அதிகாரம் ஹைகோர்ட்டுக்கு இருப்பதுபோல் தீர்ப்பாயத்துக்குச் சட்டத்தில் தெளிவாகக் கொடுக்கவில்லை. கோர்ட் ஹாலில் அவமரியாதையாகப் பேசினால், இடைஞ்சல் செய்தால் தண்டிக்கலாம். பணம் கொடுக்காமல் இருப்பவனை? நிறைவேற்று மனு போட்டு, மறுபடியும் கேட்டு, மறுபடியும் கேட்க வேண்டும். அதிலும் தீர்ப்பாயத்தின் கட்டடம், ஊழியர், நிதி எல்லாம் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ். அதே அமைச்சகம்தான் ஒவ்வொரு வழக்கிலும் முதல் எதிர்மனுதாரர். நியாயம் கேட்கப் போகிற வீட்டுக்கு எதிராளியே வாடகை கொடுப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஜெயித்தவன் சொல்கிறேன், இது மாற வேண்டும்.

2015இல் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர் போட்ட நிபுணர் குழு, ஊனமுற்ற வீரர்களின் பென்ஷனை எதிர்த்து அரசு போடுகிற அப்பீல்களை வாபஸ் வாங்கச் சொன்னது. அதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது, யாரோ ஒருவர் உள்ளேயிருந்தே இதைப் பார்த்திருக்கிறார் என்று.

ஏப்ரல் 7

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, அப்படியானால் எதற்குப் போக வேண்டும் என்று தம்பி கேட்கிறார். போக வேண்டும் தம்பி. தாமதமாக வந்தாலும் 2011இல் இருந்து கணக்குப் போட்டு, வட்டியோடு வந்தது. 2007 முதல் 2011 வரை 4 வருஷம் போச்சு, அது நான் சும்மா இருந்ததற்கு. அந்தக் காகிதத்தில் “பணியால் கூடியது” என்று இப்போது எழுதியிருக்கிறது. எனக்கு அந்தச் சொல்லும் வேண்டியிருந்தது.

வக்கீல் இல்லாமல் நீங்களே நின்று பேசவும் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் செய்யாதீர்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டால் இந்த மாதிரி கேஸ் எடுக்கிற வக்கீல் யார் என்று தெரியும். மனுவை இங்கிலீஷில்தான் போட வேண்டும். சென்னை பெஞ்சே போதும், ரெக்கார்ட்ஸ் எந்த மாநிலத்தில் இருந்தாலும் சரி. ஓய்வுபெற்றவர் குடியிருக்கிற இடத்துப் பெஞ்சில் போடலாம்.

மே 5

ஓர் அம்மா எழுதியிருக்கிறார், கணவர் இறந்து 6 வருஷம், இனிமேல் நான் கேட்கலாமா என்று. கேட்கலாம் அம்மா. சட்டத்தின் 2ஆம் பிரிவிலேயே வாரிசுகளும் சார்ந்திருப்பவர்களும் வருகிறார்கள். அவருடைய டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ., இறப்புச் சான்றிதழ் மூன்றையும் தனித்தனியாக நகல் எடுத்து வையுங்கள். மூலத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள், வக்கீலிடம்கூட.

மே 19

தம்பிக்கு ரெக்கார்ட்ஸில் இருந்து நகல் வந்துவிட்டது. முழுதும் வந்திருக்கிறது. படம் எடுத்து அனுப்பியிருந்தார், நான் இரவு உட்கார்ந்து படித்தேன்.

அவருடைய அப்பாவின் கட்டத்திலும் அதே மூன்று சொல். “ஆன்செட் இன் பீஸ்”. வேறு ஊர், வேறு டாக்டர், வேறு வருஷம். முதல் பக்கத்து அட்டவணையில் அவர் கையெழுத்து நடுங்காமல் அழகாக இருக்கிறது. ஆறு இடம். பி, எஃப், எஃப், பி, எஃப், பி. கடைசி எஃப்புக்கு நேராக ஜம்மு காஷ்மீர், இரண்டரை வருஷம். அங்கிருந்து கிளம்பி பத்தாவது மாதம் பி.பி. கண்டுபிடித்திருக்கிறார்கள்.

முதல் மேல்முறையீட்டை நாளைக்கே அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வரைவு நான் எழுதிக் கொடுத்தேன், ஒன்றரைப் பக்கம். தீர்ப்பு பெயர்கள் இரண்டு மட்டும். மீதியெல்லாம் அந்த அட்டவணை.

நவம்பர் 24

6 மாதம் முடிந்தது. பதில் வரவில்லை. அப்பா கடைசி வரை வேண்டாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாராம், சாப்பாடு போட்ட படையின் மேல் கேஸா என்று. நான் போனில் பேசினேன். நீங்கள் படையின் மேல் போடவில்லை ஹவில்தார் சாப், அந்தக் கட்டத்தை நிரப்பச் சொல்கிறீர்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் என்னிடம், கான்வாயில் எந்த வண்டி ஓட்டினீர்கள் என்று கேட்டார். அரை மணி நேரம் அதையே பேசிக்கொண்டிருந்தோம்.

நேற்று வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். படை எண்ணையும் கீழே தானாகவே எழுதினாராம்.